பொயின்ட் பேட்ரோ என்றொரு இலையான்

மியூனிக்கில் உள்ள தமிழ்க் கடையில் போன மாதம் வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற தம்பி ஒருவர் திரும்பி, "ஃப்ளை கட்டுற அங்கிள் நீங்கதானா? கடைக்காரர் சொன்னார்" என்று கேட்டார். சென்னைப் பக்கத்துப் பிள்ளை. கார் கம்பனி ஒன்றில் பொறியியலாளர். சனி ஞாயிறுகளில் ஆற்றில் மீன் பிடிக்கப் பழகுகிறாராம். கைபேசியைத் தூக்கி ஒரு படம் காட்டினார்.

"ஆன்லைன்ல ஒரு டஜன் மே ஃப்ளை ஆர்டர் பண்ணேன் அங்கிள். பாக்கெட்டைப் பாருங்க, மேட் இன் ஸ்ரீலங்கா!"

பார்த்தேன். உண்மைதான். நான் இலங்கையிலிருந்து ஜெர்மனிக்கு வந்து இருபத்திரண்டு வருடம் கட்டிய இலையான்களை இப்போது இலங்கையிலேயே கட்டி ஜெர்மனிக்கு அனுப்புகிறார்கள். அவற்றுக்கு விசாவும் தேவையில்லை.

"இதையெல்லாம் நீங்க எழுதணும் அங்கிள்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டுப் பருப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எனக்கு ஆட்களோடு பேச வராது. படிப்பும் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் எழுதும்போது எதிரில் ஒருவரும் நிற்பதில்லை. அதனால் எழுதிப் பார்க்கிறேன். எழுத்துப் பிழை திருத்துவது என் மனைவி தேவகி.

எங்கள் ஊரில் ஈயை இலையான் என்போம். ஆனால் நான் சொல்வது உயிருள்ள ஈ அல்ல. தூண்டில் முள்ளின் மேல் நூலும் இறகும் சுற்றிச் செய்யும் பொய்ப் பூச்சி. அது தண்ணீரின் மேல் மிதக்கும். மீன் அதை மெய்யென்று நம்பி வாயைத் திறக்கும். ஜெர்மன்காரர் அதை ஃப்ளீகெ என்பார்கள். ஃப்ளீகெ என்றால் இலையான். ஆனால் கோட்டுப் போட்ட ஆண்கள் கழுத்தில் கட்டும் பட்டாம்பூச்சி மாதிரியான டையும் ஃப்ளீகெதான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்த பெண் "ஃப்ளீகெ கட்டும் வேலை ஒன்று இருக்கிறது, கட்டுவீர்களா?" என்று கேட்டபோது, நான் இரண்டாவதை நினைத்துக்கொண்டு ஓம் என்றேன். அடுத்த நாள் என்னிடமிருந்த ஒரே வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்துக்கொண்டு போனேன். முதலாளி என் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "விரல்களைக் காட்டுங்கள்" என்றார். காட்டினேன். "நாளை வாருங்கள். இறகு ஒட்டாத சட்டையில்" என்றார். என் நேர்முகத் தேர்வு அவ்வளவுதான்.

வீட்டில் இதை விளங்கப்படுத்துவது வேலையைவிடக் கடினமாக இருந்தது.

"இஞ்சாருங்கோ, சனம் உங்கடை மனிசனுக்கு என்ன வேலை எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது? இலையான் கட்டுறார் எண்டோ?" என்றாள் தேவகி.

"ஓம், அதைத்தானே செய்யிறன்."

"இலையான் அடிக்கிறதெண்டாலும் ஒரு வேலை. கட்டுறதோ!"

கடைசியில் அவள் சனத்திடம் ஃப்ளீகெ கட்டுகிறார் என்று ஜெர்மனில் சொல்லிவைத்தாள். அதன் பலன், ஒரு சனிக்கிழமை காலை தொலைபேசி. "அண்ணை, மாப்பிள்ளை வெளிக்கிட்டு நிக்கிறார், ஃப்ளீகெ கட்டத்தான் ஒருத்தருக்கும் தெரியேல்லை. ஒருக்கா வாறியளோ?" இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. போனேன். மாப்பிள்ளையின் கழுத்தில் எனக்குத் தெரிந்த முடிச்சைப் போட்டேன். அது மீன் இழுத்தாலும் அவிழாத முடிச்சு. பின்னேரம் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தார்களாம்.

முதல் மூன்று வருடமும் நான் கட்டியதில் தேறியதைவிட வெட்டுப்பட்டதுதான் அதிகம். முதலாளி ஹெர் க்ரோல் ஆறடிக்கு மேல் உயரம். வேலை அங்கிக்குள் டை கட்டியிருப்பார். நான் கட்டிய இலையானை இரண்டு விரலால் எடுத்து நெஞ்சு உயரத்திலிருந்து மேசைக் கண்ணாடியில் விடுவார். அது வாலிலும் கழுத்து இறகிலும் ஊன்றி நிமிர்ந்து நிற்கவேண்டும். பத்து முறை விட்டால் பத்து முறையும் நிற்கவேண்டும். பிறகு அதைச் சூப் கோப்பைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தன் கோப்பியைக் குடிப்பார். கோப்பி முடியுமுன் அது தாழ்ந்தால், சவர அலகால் எல்லாவற்றையும் உரித்து வெறும் முள்ளை என் முன்னால் வைப்பார். "முள்ளில் பிழையில்லை" என்பார். அவர் கோபப்பட்டதில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். கோப்பியையும் மிக மெதுவாகக் குடிப்பவர்.

பட்டறைச் சுவரோரம் இழுத்துத் திறக்கும் சின்னச் சின்ன லாச்சிகள் இருந்தன. அவற்றுக்குள் ஒவ்வோர் இலையானுக்கும் ஓர் அட்டை. முதல் வரியில் பெயர். இரண்டாம் வரியில் பிறந்த இடம்: எந்த நாடு, எந்த ஆறு, முதலில் கட்டியவர் யார். மூன்றாம் வரியிலிருந்துதான் முள், நூல், இறகு. "பிறந்த இடம் தெரியாத இலையானை நான் விற்பதில்லை" என்பார். மிதக்கும் இலையான் இங்கிலாந்தின் தெளிந்த, சோம்பலான ஆறுகளில் பிறந்தது என்றும், அமெரிக்காவுக்குப் போனபோது அங்கே தண்ணீர் முரட்டுத்தனமாக ஓடியதால் கழுத்து இறகு தடித்தது என்றும், அல்ப்ஸ் மலையடிவாரத்துக்கு வந்தபோது சிறகு குறுகியது என்றும் சொல்லுவார். ஒரு குடும்பத்தின் சம்பந்தங்களைச் சொல்வதுபோல் சொல்லுவார். பெரிய மீன்பிடிச் சங்கங்கள்கூட ஒரு சந்தேகம் என்றால் அவருக்குத்தான் எழுதும். அதுதான் அவருடைய பெருமை. கடையின் வியாபாரமும் அந்தப் பேரில்தான் நடந்தது.

நாங்கள் அதிகம் கட்டியது மைஃப்ளீகெ. மே மாதத்தில் ஆற்றிலிருந்து எழும்பும் ஒரு பூச்சியின் சாயல். அந்தப் பூச்சி ஒன்றிரண்டு வருடம் சேற்றுக்குள் கிடந்து, ஒருநாள் மேலே வந்து சிறகு விரித்து, சோடி சேர்ந்து, செத்துப்போகும். சிறகு முளைத்தபின் சாப்பிட வாயே இல்லை என்று க்ரோல் சொன்ன நாளிலிருந்து எனக்கு அதன்மேல் ஒரு பட்சம். பேசச் சொல்லி அதை ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

கட்டுவது இப்படித்தான். முள்ளைச் சின்ன இடுக்கியில் பூட்டி, தலையிலிருந்து வளைவுவரை நூலை நெருக்கிச் சுற்றவேண்டும். வாலுக்குக் காட்டுக்கோழி வாலிலிருந்து மூன்று இழை. நாலு வைத்தால் க்ரோலின் அலகு வரும். உடலுக்கு ராஃபியா என்னும் வெளிறிய பனைவகை நார். ஈரமாக்கி ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏற, மீன் செதில்போலச் சுற்றி, அதன்மேல் மண்ணிற நூலை ஐந்து வளையம் ஓடவிடவேண்டும். இரண்டு வாத்து இறகை முதுகோடு முதுகு வைத்து நிமிர்த்தினால் சிறகு. பிறகு சேவலின் கழுத்து இறகு ஒன்றைச் சிறகுக்குப் பின்னால் மூன்று சுற்று, முன்னால் இரண்டு சுற்று. அந்த மயிர்கள் குடைக்கம்பிபோல விரிந்தால்தான் மிதக்கும். கடைசியில் தலையில் முடிச்சு, ஊசிமுனையில் எடுத்த ஒரு துளி வார்னிஷ். நான் பழகியபின் ஒன்றுக்கு ஒன்பது நிமிடம். இவ்வளவு கட்டியும் நான் ஒரு மீனும் பிடித்ததில்லை. இங்கே தூண்டில் போட ஒரு சோதனை எழுதவேண்டும். அதை ஜெர்மனில் எழுதவேண்டும்.

என் பதினோராவது வருடத்தில் ராஃபியா முடிந்துபோனது.

க்ரோல் இறகு வாங்க இரண்டு நாள் வெளியூர் போயிருந்தார். டொக்டர் ஆமான் என்ற ஓய்வுபெற்ற பல் வைத்தியர் கேட்ட ஒரு டசின் மைஃப்ளீகெயை அன்று பின்னேரம் தபாலில் போட்டாகவேண்டும். நார் இல்லை. என் சாப்பாட்டுப் பையில் ஒரு குட்டான் பனங்கட்டி இருந்தது. குட்டான் என்றால் பனங்கட்டி, அதாவது பனைவெல்லம், ஊற்றி வைக்கும் சின்னப் பனையோலைப் பெட்டி. நான் பால் விடாத வெறும் தேத்தண்ணிக்குப் பனங்கட்டியைக் கடித்துக்கொள்பவன். ராஃபியாவும் ஒரு பனையோலைதானே என்று நினைத்தேன். குட்டானைப் பிரித்து நகத்தால் மெல்லிய கீற்றாக வகிர்ந்தேன். விறைப்பாக இருந்தது. தேத்தண்ணிக்குள் ஊறப்போட்டேன். பதமாகி, நல்ல பாலாடை நிறத்தில் வந்தது. பன்னிரண்டும் கட்டி, விட்டுப் பார்த்து, மிதக்கவிட்டு, அனுப்பிவிட்டேன். க்ரோல் திரும்பி வந்தபின் சொல்லலாம் என்று இருந்தேன். வந்தபின் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து க்ரோல் வரி அலுவலகத்துக்குப் போயிருந்த நேரம் தொலைபேசி அடித்தது. நான் எடுப்பதில்லை. அது நிற்கவில்லை. பதினைந்தாவது முறை மணி அடித்தபோது எடுத்தேன்.

டொக்டர் ஆமான். சந்தோசத்தில் வேகமாகப் பேசினார். அவர் சொன்னதில் பாதி விளங்கியது. புதிய மைஃப்ளீகெ, அழகான உடம்பு, மூன்று பெரிய மீன். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: "வோஹேர் கொம்ட் ஸீ?"

இங்கேதான் ஜெர்மன் மொழி என்னைக் கவிழ்த்தது. ஸீ என்றால் நீங்கள். ஸீ என்றால் அவள். ஃப்ளீகெ ஜெர்மன் மொழியில் பெண்பால். அவர் கேட்டது, அவள் எங்கிருந்து வருகிறாள் என்று, அதாவது அந்த இலையானின் பிறந்த இடம் எது என்று. ஆனால் இந்த நாட்டில் என்னிடம் யாரும் ஸீ என்று முடியும் கேள்வியைக் கேட்டால் அது ஒரே கேள்விதான். பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், அலுவலகங்களில் கேட்டுக் கேட்டு என் வாய் தானாகவே பதில் சொல்லும். என் ஊர் பருத்தித்துறை. அப்படிச் சொன்னால் அதிகாரிகள் பேனையை வைத்துவிடுவார்கள். அதனால் பத்திரங்களில் உள்ள ஆங்கிலப் பெயரையே சொல்லப் பழகியிருந்தேன்.

"பொயின்ட் பேட்ரோ" என்றேன். வழக்கம்போல எழுத்துக்கூட்டியும் சொன்னேன். பே, ஓ, ஈ, என், டே. புதுச் சொல். பே, ஏ, டே, ஏர், ஓ.

"அற்புதம்!" என்றார் டொக்டர். பேனை கீறும் சத்தம் கேட்டது. என் ஊரை அற்புதம் என்று சொன்ன முதல் ஜெர்மன்காரர் அவர். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் டொக்டர் ஆமானின் மீன்பிடிச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. க்ரோல் அதை உரத்து வாசித்தார். "பொயின்ட் பேட்ரோ, பன்னிரண்டு டசின். முன்பு டொக்டர் ஆமானுக்கு அனுப்பியதுபோலவே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. க்ரோல் கடிதத்தை மடித்தார். தனக்குத் தெரியாத ஓர் இலையான் தன் கடையிலிருந்தே போயிருக்கிறது. அவர் அதை ஒத்துக்கொள்ளவேண்டுமே! "முன்பு அனுப்பியது ஞாபகம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். "யா" என்றேன். "அப்படியானால் கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் புத்தக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று நாள். இடையிடையே கனமான புத்தகங்கள் மூடப்படும் சத்தம் மட்டும் வந்தது.

நான் வீட்டில் சொன்னேன். தேவகி பேக்கரியில் வேலை செய்பவள். ஜெர்மன் என்னைவிட நன்றாகப் பேசுவாள்.

"அவரிட்டைப் போய்ச் சொல்லுங்கோவன். பொயின்ட் பேட்ரோ என்ரை ஊர், பிழையா விளங்கிப்போட்டன் எண்டு. ரெண்டு வசனம்."

"ஏலாது."

"ரெண்டு வசனம் ஏலாதோ? நான் சொல்லித்தாறன், பாடமாக்குங்கோ."

பாடமாக்கினேன். காலையில் கதவைத் தட்டினேன். "ஹெர் க்ரோல், பொயின்ட் பேட்ரோ... நான்..." என்றேன். மிச்சம் வரவில்லை.

"நீங்கள்தான் கட்டுகிறீர்கள். வேறு யார்?" என்றார் அவர். கதவைச் சாத்திக்கொண்டார்.

நாலாம் நாள் வெளியே வந்தார். டை நேராக இருந்தது. "பொயின்ட் பேட்ரோ, ஸ்பெயின் நாட்டு இலையான்" என்று அமைதியாகச் சொன்னார். "மலையில் ஒரு மடம். பேட்ரோ என்ற துறவி. தங்கள் வயல் வைக்கோலால் உடல் சுற்றியிருக்கிறார்கள். மிகப் பழையது." நான் தலையை ஆட்டினேன். அந்த நிமிடத்திலிருந்து பொய் இரண்டு பேருக்கும் பொதுவாகிப்போனது.

பன்னிரண்டு டசினுக்கு ஓலை வேண்டும். தேவகி தமிழ்க் கடையில் இருந்த குட்டான்கள் எல்லாவற்றையும் வாங்கி வந்தாள். நாங்கள் அந்தக் கோடை முழுவதும் பனங்கட்டி தின்றோம். க்ரோல் பார்க்காத நேரம் தேத்தண்ணியில் ஊறவைத்து நான் கட்டி முடித்தேன்.

பிறகு டொக்டர் ஆமான் அழைத்தார். சங்கத்தின் ஆண்டு மதிய விருந்தில் ஹெர் க்ரோல் பொயின்ட் பேட்ரோவின் வரலாற்றைப் பேசவேண்டும். அவர் பேசும்போது நான் பக்கத்தில் இருந்து ஒன்றைக் கட்டிக் காட்டவேண்டும். அவர் துறவியைப் பற்றிப் பேசி யாராவது பிழை கண்டுபிடித்தால் அவர் பேர் போகும். நான் உண்மையைச் சொன்னால் அவர் பேரும் என் வேலையும் சேர்ந்து போகும்.

ஞாயிற்றுக்கிழமை. ஆற்றங்கரை விடுதி. நாற்பது பேர் பச்சைக் கோட்டில். க்ரோல் எழுந்து நின்று பேசினார். பேட்ரோ துறவி விடியற்காலையில் வயலுக்குப் போய் வைக்கோல் தெரிந்தெடுப்பதை நேரில் பார்த்தவர்போல விவரித்தார். அதே நேரம் நான் வால் கட்டி முடித்திருந்தேன். உடல் சுற்றவேண்டும். வேறு வழியில்லை. சட்டைப்பையிலிருந்து குட்டானை எடுத்தேன். அது வழுக்கி மேசையில் விழுந்தது. உள்ளே ஒட்டியிருந்த பனங்கட்டித் துண்டு உருண்டு டொக்டர் ஆமானின் தட்டில் முட்டி நின்றது.

டொக்டர் அதை எடுத்தார். முகர்ந்தார். பல் வைத்தியராக இருந்தும் கடித்தார். "ஹெர் க்ரோல், இந்த வைக்கோல் இனிக்கிறதே?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள்தானே அன்று தொலைபேசியில் சொன்னீர்கள்? ஒரு கணமும் யோசிக்காமல் சொன்னீர்கள். மடம் என்று சொல்லவில்லையே?"

க்ரோல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் முதல்முறையாக ஒரு கெஞ்சலைக் கண்டேன். ஓம் என்று சொல்லு என்கிறதா, காப்பாற்று என்கிறதா, தெரியவில்லை. தலையை ஆட்டியிருந்தால் போதும். அன்றைக்குத் தப்பலாம். ஆனால் நாற்பது பேரும் பேட்ரோ துறவியைத் தங்கள் மீன்பிடிக் குறிப்புப் புத்தகங்களில் எழுதுவார்கள். ஸ்பெயின் தெரிந்த யாரோ ஒருவர் ஒருநாள் சிரிப்பார். அப்போது நான் பக்கத்தில் இருக்கமாட்டேன்.

எழும்பினேன். உட்கார்ந்திருந்த கதிரை விழுந்தது. என் வாழ்நாளில் நான் மேடையில் பேசிய பேச்சு முழுவதும் இதுதான்:

"ஹெர் டொக்டர், நீங்கள் இலையான் எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்கள். நான் என்னைக் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். பொயின்ட் பேட்ரோ என் ஊர். இலங்கையில். இது வைக்கோல் இல்லை. சர்க்கரைப் பெட்டி. ஹெர் க்ரோலுக்கு நான் சொல்லவில்லை. மன்னிக்கவேண்டும்."

பிறகு டொக்டர் ஆமான் மேசையில் தட்டிச் சிரித்தார். அதன்பின் மண்டபமே சிரித்தது. க்ரோல் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து, தன் பேச்சுத் தாளில் வரிவரியாகக் கோடு போட்டு வெட்டினார். இரண்டு பக்கம். சிரிப்பு அடங்கும்வரை வெட்டினார். "ஸ்பெயினை நான் கண்டுபிடித்தேன். அதாவது, கற்பனை செய்தேன்" என்றார். "இலங்கையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சாப்பிடலாம்." உட்கார்ந்தார். எல்லாரும் கை தட்டினார்கள்.

அவருடைய காரில்தான் திரும்பவேண்டும். நான் மனதுக்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் படிகளை ஏறிக்கொண்டிருந்தேன்.

"மூன்று நாள் தேடினேன்" என்றார்.

"யா."

"உங்களுக்குத் தெரிந்திருந்தது."

"யா."

"துறவி பொய் என்பதும் தெரிந்திருந்தது."

"யா, ஹெர் க்ரோல்."

காரை ஒரு பஸ் தரிப்பில் ஓரங்கட்டினார். இறங்கச் சொல்லப்போகிறார் என்று கதவுப் பிடியில் கை வைத்தேன். அவர் உள்பையிலிருந்து எழுதாத அட்டை ஒன்றை எடுத்து ஸ்டீயரிங்மேல் வைத்தார். பொயின்ட் பேட்ரோ என்று எழுதினார்.

"உங்கள் ஆட்கள் அந்த ஊரை எப்படிச் சொல்வார்கள்?"

"பருத்தித்துறை."

நாலு முறை சொல்லிப் பார்த்தார். நாலும் வேறு வேறு ஊர்களாக வந்தன. "எந்த ஆறு?"

"ஆறு இல்லை. கடல்."

கடல் என்று எழுதினார். பிறகு பென்சிலை நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஊரில் எந்த இடம்? எந்தத் தெரு? அட்டையில் சரியாக இருக்கவேண்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் கண்டால் முதலில் எந்த ஊர் என்பார்கள். உடனே ஊரில் எவடம் என்பார்கள். இரண்டாவது கேள்வி ஊரைப் பற்றியதல்ல, ஆளின் சாதியைப் பற்றியது. அதற்குப் பயந்தே கலியாண வீடுகளில் நான் சமையல் பக்கம் போய் நின்றுவிடுவேன். இவர் கேட்டபோது தெருவைச் சொன்னேன். கோயிலைச் சொன்னேன். கோயிலிலிருந்து எத்தனையாவது ஒழுங்கைக்குள் எங்கள் வீடு என்றும் சொன்னேன். அவர் ஒன்றும் விடாமல் எழுதினார். முதலில் கட்டியவர் என்ற இடத்தில் கேட்காமலே என் பேரை எழுதினார்.

"நாளைக்கு ஏழு மணி" என்றார் என்னை வீட்டில் இறக்கும்போது. "அந்தப் பெட்டி இரண்டு கொண்டுவாருங்கள். அட்டையில் இல்லாத பொருளை இனிமேல் என் முள்ளில் சுற்றவேண்டாம்."

தேவகி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"வேலை போச்சோ?"

"இல்லை."

"அப்ப ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு? மனிசன் என்ன கேட்டவர்?"

"எந்த ஊர் எண்டு கேட்டவர்."

"பதினொரு வருசத்துக்குப் பிறகோ? பிறகு?"

"ஊரிலை எவடம் எண்டும் கேட்டவர்."

தேவகி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப இனிப் பயமில்லை. ஆள் எங்கடை ஆளாய் வந்திட்டார்."